எலிப்பெட்டி ஸ்கின்னர்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு

ஆண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தா என்று கேட்டார்கள். எடிசனையும் விஸ்வேஸ்வரய்யாவையும் கலாம் ஐயாவையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் ஸ்கின்னர் என்றேன். அது என்னடா, தோலுரிக்கிற மெஷின் பேர் மாதிரி இருக்கே என்று மலர்க்குழுவில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். எனக்கு இந்த மனிதர் அறிமுகமான விதமே வேறு.

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். சனிக்கிழமைகளில் அவனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு டவுனில் இருக்கும் பயிற்சி மையத்துக்குப் போவது என் வேலை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் அங்கே கொடுக்கிற காகிதங்களைப் படித்து வீட்டில் விளக்க வேண்டியதும் நானே. அங்கே சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வேலைக்குப் புதுசு. அவர் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதுவார். முதல் கட்டத்தில், முன்னால் என்ன நடந்தது. நடுவில், பையன் என்ன செய்தான். மூன்றாவதில், அதற்குப் பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது. அவ்வளவுதான். பையன் நல்லவன், பிடிவாதக்காரன், அடங்காதவன் என்றெல்லாம் எழுத அந்த நோட்டில் இடமே கிடையாது. ஏதோ நம்ம ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு மாதிரி இருந்தது. இந்த முறை யார் மூலமாக வந்தது மிஸ் என்று கேட்டேன். அவர் சொன்ன பேர்தான் ஸ்கின்னர். லைப்ரரியில் தேடினேன், போனிலும் தேடினேன். பார்த்தால், பாதி நம்ம ஆள்!

பர்ரஸ் ஃபிரெடரிக் ஸ்கின்னர் 1904 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குஹானா என்ற சின்ன ஊரில் பிறந்தார். ரயில்வே பட்டறை இருந்த ஊர். அவர் அப்பா முதலில் அந்தப் பட்டறையில் டிராயிங் போடப் பழகி, பிறகு சட்டம் படித்து வக்கீலானவர். பையனோ எந்நேரமும் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பான். தூக்கிப் போட்ட பாய்லர் ஒன்றை வைத்து நீராவிப் பீரங்கி செய்து, உருளைக்கிழங்கையும் கேரட்டையும் துண்டாக்கி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மேலே சுட்டிருக்கிறான். நண்பனோடு சேர்ந்து எல்டர்பெர்ரி பழம் பறித்து வீடு வீடாக விற்றபோது, பழத்தையும் காயையும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிக்க ஒரு அமைப்பு செய்தான். நிற்காமலே ஓடும் இயந்திரம் ஒன்றுக்கும் முயன்றான். அது ஓடவில்லை என்று தெர்மல் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. காலையில் இரவு உடையைக் கொக்கியில் மாட்டாமலே சாப்பிட வந்துவிடுவான். பாதிச் சாப்பாட்டில் அம்மா அவனை எழுப்பி மாடிக்கு அனுப்புவார். தினமும் இதே ரகளை. பையன் ஒரு வேலை செய்தான். கொக்கியிலிருந்து கயிறு கட்டிக் கதவு வரைக்கும் கொண்டுபோனான். உடை கொக்கியில் இல்லாவிட்டால், உடையை மாட்டு என்று எழுதிய அட்டை கதவு நடுவில் தொங்கும். மாட்டிவிட்டால் அட்டை மேலே போய்விடும், வழி விடும். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. சாமி முன்னால் சபதம் எடுக்கவும் இல்லை. அறையை மாற்றி அமைத்தான்.

வீட்டில் அப்பா ஒருநாளும் கை நீட்டியதில்லையாம். ஆனால் பயமுறுத்தல் உண்டு. பாட்டி அடுப்புத் தணலைக் காட்டி நரகம் இப்படித்தான் இருக்கும் என்று புரியவைத்தார். அப்பா ஜெயிலுக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். ஒரு கெட்ட வார்த்தைக்காக அம்மா அவன் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார். இதெல்லாம் வயதான பிறகும் அவருக்கு மறக்கவில்லை.

இவ்வளவு கைவேலை தெரிந்தவர் என்ஜினியரிங்குக்குப் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை! ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1926-ல் பட்டம் வாங்கினார். கதாசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. ராபர்ட் ஃப்ராஸ்ட் என்ற பெரிய கவிஞரே இவர் கதைகளைப் படித்துவிட்டு ஊக்கமாகக் கடிதம் போட்டார். அந்தத் தெம்பில் ஸ்கிராண்டன் நகரத்தில் பெற்றோர் வீட்டு மாடியில் உட்கார்ந்தார். ஒரு வருஷம் போச்சு. எழுத ஒன்றும் வரவில்லை. கப்பல் பொம்மை செய்தார், புத்தகம் படித்தார், சும்மா இருந்தார். அந்தக் காலத்தில் உருப்படியாக முடித்தது, நிலக்கரிச் சுரங்கத் தகராறுகளில் வந்த தீர்ப்புகளின் தொகுப்பு ஒன்றுதான், அதுவும் அப்பாவுடைய வக்கீல் தொழிலுக்காக. அந்த வருஷத்தைத் தன் இருண்ட வருஷம் என்றே பின்னாளில் குறிப்பிட்டார். இரண்டாம் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்துவிட்டு வீட்டில் சொல்லாமல் சுற்றிய எனக்கு, இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அப்புறம் நியூயார்க்கில் சில மாதம் புத்தகக்கடை வேலை. பாவ்லாவ், வாட்சன் ஆகியோரின் நூல்கள் கண்ணில் பட்டன. 1928-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்தார். 1931-ல் முனைவர் பட்டம். பாவ்லாவ் ரஷ்யாவில் நாயை வைத்துக் காட்டியது, மணிச்சத்தம் மாதிரி முன்னால் வரும் ஒன்றுக்கு உடம்பு எப்படிப் பழகுகிறது என்பதை. ஸ்கின்னர் கேட்ட கேள்வி வேறு. ஒரு பிராணி தானாக ஒன்றைச் செய்கிறது. அதற்குப் பின்னால் வரும் பலன் அந்தச் செயலை என்ன செய்கிறது?

இனி நம்ம பாடம். அவர் முதலில் செய்தது நீளமான ஓடுபாதை. எலி ஓடிப்போய்த் தீனி தின்னும். ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிவந்து ஆரம்பத்தில் விட வேண்டும். சார் கொஞ்சம் சோம்பேறி, நல்லவேளை! எலி தானே திரும்பி வர இன்னொரு பாதை செய்தார். பிறகு எலியின் எடைக்கு ஓடுபாதையே சீசா மாதிரிச் சாய்ந்து, அந்த அசைவில் ஒரு மரத்தட்டு திரும்பி அடுத்த தீனியைப் போடும்படி செய்தார். அந்தத் தட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த கழிவுச் சாமான். நடுவில் ஒரு அச்சு நீட்டிக்கொண்டிருந்தது, வெட்டி எறிய வேண்டியதுதான். வெட்டவில்லை. ஒருநாள் பார்த்தார், அந்த அச்சில் நூலைச் சுற்றிவிட்டால், தட்டு திரும்பத் திரும்ப நூல் இறங்குமே, அதை வைத்து ஒரு கோடு வரையலாமே என்று தோன்றிவிட்டது. ஓடுபாதை போய், லிவர் வைத்த பெட்டி வந்தது. எலி லிவரை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை விழும், பேனா ஒரு படி மேலே ஏறும். காகிதம் சீரான வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். எலி விடாமல் அழுத்தினால் கோடு செங்குத்தாக ஏறும். நிறுத்தினால் படுத்துவிடும். எலியின் மனசுக்குள் என்ன என்று யாரும் ஊகிக்க வேண்டாம். சரிவைப் பார்த்தாலே போதும்.

அழுத்துவதற்குப் பலன் கிடைக்க, அழுத்துவது கூடியது. இதற்குத்தான் வலுவூட்டல் என்று பெயர். பி.எட். புத்தகங்களில் இதையே செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்று போட்டு மாணவர்களை மிரட்டுகிறார்கள். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் இல்லாத நேரத்தில் தீனி போடும் கருவி ஜாம் ஆகிவிட்டது. எலி அழுத்துகிறது, ஒன்றும் விழவில்லை. திரும்பி வந்து பார்த்தால், கோடு முதலில் ஏறி, வளைந்து, மெல்ல மெல்லப் படுத்திருக்கிறது. பலன் நின்றால் பழக்கம் எப்படி ஓய்கிறது என்பதை ரிப்பேரான மெஷின் வரைந்து கொடுத்துவிட்டது! நமக்கு மெஷின் ஜாம் ஆனால் லேப் அட்டெண்டரைத் தேடி ஓடுவோம். அவர் அந்த வார இறுதி முழுவதும் ரோட்டைக் கடக்கும்போதுகூட ரொம்ப ஜாக்கிரதையாகக் கடந்தாராம், தான் செத்துவிட்டால் கண்டுபிடிப்பும் போய்விடுமே என்று.

இன்னொரு சனிக்கிழமை. தீனி உருண்டைகளை அவரே மருந்துக்கடை மாத்திரை அச்சில் செய்துகொண்டிருந்தார். எட்டு எலி, ஒன்றுக்குத் தினம் நூறு உருண்டை. கணக்குப் பார்த்தால் திங்கட்கிழமை காலையிலேயே தீர்ந்துவிடும், அன்று சாயந்திரம் பூராவும் மாத்திரை பிடிக்க வேண்டும். அப்போதுதான் யோசித்தார், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? நிமிஷத்துக்கு ஒன்று போதுமே. கொடுத்துப் பார்த்தார். எலி சளைக்காமல் சீராக அழுத்திக்கொண்டே இருந்தது. இதைப் பல வருஷம் நோண்டி, சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-ல் பெரிய நூலாகவே போட்டார். எப்போதாவது மட்டும் பலன் கிடைத்த பழக்கம் லேசில் ஓயாது. சூதாட்ட மெஷின் ஆளை விடாமல் பிடித்துவைப்பது இப்படித்தான். நாம் பாடவேளையில் பெஞ்சுக்கு அடியில் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதும் இந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை நான் வீட்டில் கண்ணால் பார்த்தேன். அக்கா மகன் கத்தினால் போனைக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்ததும் கத்தல் நிற்கும், வீடு நிம்மதி. அவனுக்குப் போன் வந்தது, ஆகவே கத்தல் வலுத்தது. எங்களுக்குச் சத்தம் போனது, ஆகவே கொடுக்கும் பழக்கம் வலுத்தது. ஒன்று வந்து வலுப்பது, ஒன்று விலகி வலுப்பது, இரண்டுமே வலுவூட்டல்தான். இரண்டாவதைப் பலர் தண்டனை என்று குழப்பிக்கொள்கிறார்கள், தான் சேர்ந்த புதிதில் தானும் குழம்பியதாக மிஸ் சொன்னார். கத்தலுக்குப் போன் இல்லை என்று முடிவு செய்தோம். மூன்று நாள் கத்தல் இரண்டு மடங்கானது. அப்படித்தான் முதலில் எகிறும் என்று மிஸ் முன்பே எச்சரித்திருந்தார். நாலாம் நாள் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டார். அன்று அவன் கற்றுக்கொண்டது, இன்னும் கூடக் கத்தினால் கிடைக்கும் என்பதை! வெறுமனே நிறுத்தினால் போதாது, கேட்பதற்கு வேறு வழி ஒன்றை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றார் மிஸ். அதற்கு வருகிறேன்.

ஸ்கின்னர் 1936-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார், அதே வருஷம் இவான் ப்ளூவைக் கல்யாணம் செய்தார். எலி ஆராய்ச்சி 1938-ல் நூலாக வந்தது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது, ரயிலில் போகையில் கூடவே பறந்த பறவைக் கூட்டத்தைப் பார்த்து அவருக்கு விபரீத யோசனை ஒன்று பிறந்தது. குண்டின் மூக்கில் புறாவை உட்காரவைத்து, கண்ணாடித் திரையில் தெரியும் இலக்கைக் கொத்தப் பழக்கினால், அந்தக் கொத்தலே குண்டைத் திருப்பாதா? ஒரு புறா தவறினாலும் பரவாயில்லை என்று மூன்று புறா. மினியாபொலிஸில் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில் மேல்மாடியில் வேலை நடந்தது. அரசாங்கமும் 25,000 டாலர் கொடுத்தது. வாஷிங்டனில் பெரியவர்கள் முன்னால் புறா பிழையில்லாமல் கொத்திக் காட்டியது. ஆனால் பறவை ஓட்டும் குண்டு என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? 1944-ல் மூடிவிட்டார்கள். அந்தப் பாவப்பட்ட புறாக்கள் குண்டோடு போகாமல் தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த மாடியில் 1943-ல் ஒருநாள், ஆணை வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் விளையாட்டாக ஒன்று நடந்தது. மரப்பந்தை அலகால் தட்டி உருட்ட ஒரு புறாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று, தட்டினால் தீனி போடக் காத்திருந்தார்கள். புறா தட்டவே இல்லை. அலுத்துப்போய், பந்தைப் பார்த்தாலே தீனி என்று மாற்றினார்கள். பிறகு கிட்டே போனால் தீனி. பிறகு அலகு பட்டால். சில நிமிஷத்தில் பந்து பெட்டிச் சுவரில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. முழுசாகச் செய்தால்தான் பரிசு என்று காத்திராமல், இருக்கிற இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக உருவாக்குவது. மிஸ் எங்கள் பையனுக்குத் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொடுத்தது இதே வழிதான். முதலில் பாட்டிலைப் பார்த்தால் தண்ணீர். பிறகு கை நீட்டினால். பிறகு தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தால். இதற்கு நாலு மாதம் ஆனது.

1945-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவரானார் ஸ்கின்னர். அங்கே பால் ஃபுல்லர் என்பவர் செய்து 1949-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காப்பகம் ஒன்றில் ஒரு இளைஞன். மல்லாந்து படுத்தவன் படுத்தபடி, புரண்டுகூடப் படுக்க முடியாது. இவனால் எதையும் கற்க முடியாது என்று டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். வலது கை கொஞ்சம் அசைந்தபோதெல்லாம் வெதுவெதுப்பான சர்க்கரைப் பாலை அவன் வாயில் விட்டார் ஃபுல்லர். நாலே அமர்வில் அவன் கையைத் தூக்கத் தொடங்கிவிட்டான். அந்த இளைஞனுக்கு வயது பதினெட்டு. என் வயது. அதுவரை அவன் கற்காதவன் இல்லை, அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஸ்கின்னர் மேல் வந்த பெரிய பழி, மகளை எலி மாதிரிப் பெட்டியில் வளர்த்தார் என்பது. நடந்தது இதுதான். 1944-ல் இரண்டாவது மகள் டெபோரா பிறந்தபோது, குளிருக்குத் துணிமேல் துணி சுற்ற வேண்டாமே என்று தொட்டில் ஒன்று செய்தார். முன்பக்கம் கண்ணாடி, வெப்பம் தானே சீராக இருக்கும், அழுக்கானால் உருட்டி மாற்றும் விரிப்பு. 1945-ல் ஒரு பெண்கள் பத்திரிகை பெட்டிக்குள் குழந்தை என்று தலைப்புக் கொடுத்துப் போட்டது. முடிந்தது கதை! அந்தப் பெண் பைத்தியமானாள், செத்தாள் என்று பல பத்து வருஷம் பேசினார்கள். டெபோரா ஓவியராக வாழ்ந்தார். 2004-ல் தானே பத்திரிகையில் எழுதி மறுத்தார்.

அவர் 1948-ல் ஹார்வர்டுக்குத் திரும்பினார். 1953 நவம்பரில், தந்தையர் வருகை நாளில் அதே டெபோராவின் நாலாம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கணக்குப் பாடம் பார்த்தார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சிலர் ஒன்றும் புரியாமல் தவித்தார்கள். போட்ட கணக்கு சரியா தப்பா என்று அப்போதே தெரிந்துகொள்ள ஒருவருக்கும் வழியில்லை. எலிக்குக்கூட நொடியில் பதில் கிடைக்கிறதே என்று அவருக்குப் பட்டது. டீச்சர் மேல் குறை சொல்லவில்லை, அத்தனை பேருக்கும் ஒரே ஆள் என்ன செய்ய முடியும்? சில நாளில் ஒரு கருவி செய்தார். ஒரு கணக்கு வரும், பிள்ளை விடையை வைக்கும், சரி என்றால்தான் அடுத்தது வரும். சின்னச் சின்னப் படி, அவரவர் வேகம். கம்பெனிகள் சரியாகச் செய்து விற்காததால் கருவி பரவவில்லை. நான் படித்த பள்ளியில் பரீட்சைத் தாள் ஒரு மாதம் கழித்து வரும். மார்க் குறைந்தால் வகுப்பு முன்னால் மண்டி போட வேண்டும். எந்தக் கணக்கு, ஏன் தப்பு என்பது மட்டும் எனக்குத் தெரிந்ததே இல்லை. மண்டி போட்டு நான் கற்றது, கணக்கு வேளையில் வயிற்றுவலி என்று சொல்லத்தான்.

தண்டனை பற்றி ஸ்கின்னர் கடைசிவரை சொன்னதும் ஏறக்குறைய அதுவே. அடிப்பவர் இருக்கிற வரை செயல் அடங்கும், அவ்வளவுதான். செய்ய வேண்டியதை அது கற்றுத்தராது, தப்பிக்கத்தான் கற்றுத்தரும். ஆனால் நண்பர்களே, ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வழியில் வந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்கவில்லை. 1960-களில் கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை அறைந்தார், மின்அதிர்ச்சிகூடக் கொடுத்தார். சிறுவயதில் இந்தப் பயிற்சியில் வளர்ந்த சிலர், தங்களைத் தாங்களாக இருக்கவிடவில்லை என்று இன்று சொல்கிறார்கள். மிஸ்ஸிடம் கேட்டேன். எங்கள் பையன் சந்தோஷத்தில் கையை உதறுவான், அதை நிறுத்தப் போவதில்லை, அதனால் யாருக்கும் கேடில்லை என்றார். தலையைச் சுவரில் இடிப்பதுதான் அவர் நோட்டில் இருந்தது.

நல்லதும் நடந்தது. 1964-ல் மான்ட்ரோஸ் வுல்ஃபும் டாட் ரிஸ்லியும் ஹேடன் மீஸும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றரை வயதுப் பையன், ஆட்டிசம், கண்புரை எடுத்த கண்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். போட்டால் வீசி எறிவான். வெறும் பிரேமை அறையில் வைத்து, தொட்டால் பரிசு, தூக்கினால் பரிசு, கண்ணருகே கொண்டுபோனால் பரிசு. அந்தப் பையன் கண்ணாடி போட்டான். 1968-ல் இந்த மாதிரி வேலைகளுக்கென்றே தனிப் பத்திரிகை தொடங்கியது. பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறை அதோடு நிலைபெற்றது. மிஸ் மாதிரிப் புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் பழகுவது அந்த மூன்று கட்டம்தான்.

1971-ல் சுதந்திரம், கௌரவம் என்பதையெல்லாம் கேள்வி கேட்டு ஸ்கின்னர் எழுதிய நூலால் டைம் பத்திரிகை அட்டையில் வந்தார். திட்டும் நிறைய வாங்கினார். மொழியைப் பற்றி அவர் எழுதியதை நோம் சாம்ஸ்கி 1959-லேயே கிழித்திருந்தார். மனுஷன் அசரவில்லை. காலையில் மணி அடித்தால் எழுத உட்காருவார், மணி அடித்தால் எழுந்துவிடுவார். எழுதிய அளவை எலிக்குப் போட்ட அதே மாதிரிக் கோடாகத் தனக்கும் போட்டு வைத்தார். எழுத்து வராமல் ஒரு வருஷம் மாடியில் உட்கார்ந்திருந்த அதே ஆள்தான்!

இரத்தப் புற்றுநோய் வந்தது. 1990 ஆகஸ்ட் 10-ல் பாஸ்டனில் உளவியல் சங்கக் கூட்டத்தில் குறிப்பு எதையும் பார்க்காமல் பேசினார். ஆகஸ்ட் 17 அன்றும் ஒரு கட்டுரையைத் திருத்தினார். மறுநாள் இறந்தார். வயது 86.

எங்கள் வீட்டிலும் இப்போது மூன்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் காலேஜிலிருந்து வந்ததும் அன்று நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முன்பெல்லாம் நடுக்கட்டத்தை மட்டும்தான் சொல்வார், இவன் கத்தினான், இவன் எறிந்தான் என்று. போன புதன்கிழமை நான் கேட்காமலே மூன்றாவது கட்டத்தையும் சொன்னார். நான்தான் போனைக் கொடுத்துவிட்டேன், அப்படியே எழுதிக்கோ என்றார்.